கொரோனா கட்டுப்பாடுகளை நம்ம மக்கள் மதிக்கவே இல்லையா? – ரிட்டயர்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருத்தரோட பதில்

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: கொரோனா டைம்ல அரசாங்கம் என்ன சொல்லியும் நம்ம ஜனங்க கேக்கல, கூட்டம் கூட்டமா சுத்துனாங்க, கேரளாவைப் பாருன்னு எங்கப்பா இன்னைக்கும் திட்றாரு, நெசமாவே நம்ம மக்களுக்கு கட்டுப்பாடே கிடையாதா, நாளைக்கு இன்னொன்னு வந்தா என்ன ஆகும்னு. படிச்சவுடனே ஒழுக்கத்தப் பத்தின கேள்வி மாதிரி தெரியுது. ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சா உங்களுக்கு தெரிய வேண்டியது வேற ஒண்ணுன்னு தோணுது, அதாவது ஒரே தெருவுல இருக்கற ஒரே ஆளு ஒரு உத்தரவ அப்படியே கேட்டு நடக்கறான், அடுத்த மாசம் வர்ற உத்தரவ காத்துல பறக்க விடறான், அது ஏன்னு. அதுக்கு என்னால ஓரளவு பதில் சொல்ல முடியும்.

நான் பொது சுகாதாரத் துறைல ஹெல்த் இன்ஸ்பெக்டரா சேந்து வட்டார சுகாதார மேற்பார்வையாளரா ரிட்டயர் ஆனவன். காலரா, டெங்கு, பன்றிக் காய்ச்சல்னு வீடு வீடா ஏறி இறங்கறதுதான் வேலை. கொரோனா வந்தப்ப அரியலூர் பக்கம் ஒரு வட்டாரத்துல இருந்தேன். சென்னைல நடந்தத நேர்ல பாத்தவன் கிடையாது, அதனால சென்னை பத்தி பேசறப்ப பதிவுல இருக்கறத மட்டும் சொல்றேன், என் சொந்தக் கணிப்பு எங்க வருதோ அங்க கணிப்புன்னு சொல்லிடறேன்.

மொதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். ஆரம்பத்துல மக்கள் கேட்டாங்க, சொன்னதுக்கு மேலயே கேட்டாங்க. 2020 மார்ச் 7 அன்னைக்கு ஓமன்லேர்ந்து வந்த காஞ்சிபுரத்துக்காரருக்கு தமிழ்நாட்டோட மொத கேஸ் உறுதியாச்சு, மார்ச் 22 ஞாயித்துக்கிழமை ஊரே அடங்கிக் கிடந்துச்சு, 24ஆம் தேதி சாயங்காலம் 6 மணிலேர்ந்து மாநில அரசு 144 போட்டுச்சு, அன்னைக்கே ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவில வந்து 12 மணிலேர்ந்து 21 நாளைக்கு நாடு முழுக்க ஊரடங்குன்னுட்டாரு. நாலு மணி நேர அவகாசம். அப்படியிருந்தும் மறுநாள் காலைல எங்க பக்கம் பல ஊர்ல எல்லைல கருவேல முள்ள வெட்டிப் போட்டு ரோட்ட அடைச்சிருந்தாங்க, எந்த அதிகாரியும் சொல்லல, பசங்களா சேந்து பண்ணது. வாசல்ல வேப்பிலை, தெருவுல மஞ்சத் தண்ணி. எங்க துறை வண்டியையே நிறுத்தி எந்த ஊருக்குப் போய்ட்டு வர்றீங்கன்னு விசாரிச்சாங்க. அம்மை கண்ட வீட்டுக்கு அடுத்தவங்க போகாம இருக்கறது நம்ம ஊர்ல புதுசு இல்லயே, அந்தப் பழக்கம் ரத்தத்துல இருக்கு. ஆக, கட்டுப்பாடுன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஆகாதுங்கற பேச்சு மார்ச் மாசத்துலயே பொய்யாயிடுச்சு.

அப்புறம் ஏன் கூட்டம் கூடுச்சு? இங்கதான் உங்கப்பா சொல்றதுக்கு நான் நேர் எதிரா சொல்றேன். பேப்பர்ல போட்டோவோட வந்து நம்ம எல்லாரும் தலைல அடிச்சுகிட்ட பெரிய கூட்டங்கள எடுத்துப் பாருங்க. மார்ச் 24 பகல்ல கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட். ஏப்ரல் 25 சனிக்கிழமை சென்னை, கோவை, மதுரை காய்கறிக் கடைகள். 2021 மே 22, 23 எல்லா ஊர் பஜாரும் பஸ் ஸ்டாண்டும். இந்த மூணுக்கும் ஒரு ஒத்துமை இருக்கு, மூணுமே ஒரு கடுமையான உத்தரவு ஆரம்பிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி கூடுனது. 2020 ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவிக்கறாரு, ஞாயித்துக்கிழமை காலை 6 மணிலேர்ந்து புதன் ராத்திரி 9 மணி வரைக்கும் இந்த மூணு மாநகராட்சிலயும் முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாதுன்னு. நடுவுல ஒரே ஒரு சனிக்கிழமை, அன்னைக்கும் கடை வழக்கம்போல மதியம் 1 மணி வரைக்கும்தான், கூட்டத்தப் பாத்துட்டு அப்புறமா 3 மணி ஆக்குனாங்க. நாலு நாளைக்கு எதுவும் கெடைக்காதுன்னு அரசாங்கம் சொல்லுது, வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க, ஃப்ரிட்ஜ் இருந்தும் தக்காளி இல்லாதவங்க எல்லாரும் அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குள்ள ஒரே கடைக்குப் போகணும். உத்தரவ மதிக்காதவனா இருந்தா திங்கக்கிழமை பின்வாசல்ல வாங்கிக்கலாம்னு வீட்லயே படுத்திருப்பான். அன்னைக்குக் கூட்டத்துல நின்னவங்க பெரும்பாலும் உத்தரவ நம்புனவங்க, நாலு நாளும் வெளிய வரக் கூடாதுன்னு முடிவெடுத்துட்டுத்தான் பையத் தூக்கிட்டு வந்தாங்க. உங்கப்பா அன்னைக்கு எங்க இருந்தாருன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன், நகரத்துல இருந்தா அனேகமா அந்த வரிசைலதான் நின்னிருப்பாரு.

2021 மே மாசம் கொஞ்சம் வேற. ஆட்சி மாறி ஸ்டாலின் முதலமைச்சர் ஆகி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு, மே 10லேர்ந்து ஒரு ஊரடங்கு போட்டும் தினசரி கேஸ் 36 ஆயிரத்தத் தாண்டிடுச்சு, 24லேர்ந்து தளர்வே இல்லாத ஊரடங்குன்னு சொல்லிட்டு சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் ராத்திரி 9 மணி வரைக்கும் எல்லாக் கடையும் திறக்கலாம், வெளியூர் பஸ் ஓடும்னாங்க. அப்பவும் கூட்டம்தான், டிவில மறுபடியும் அதே திட்டு. ஆனா நேரத்த நீட்டுனது நல்ல விஷயம்னு நான் நெனைக்கறேன், அடுத்த வாரத்துல வண்டில காய்கறி தெருவுக்கே வந்துச்சு, மக்கள் உள்ளயே இருந்தாங்க. கேஸ் எறங்குனது அந்த ஊரடங்காலயான்னு கேட்டா அங்க நான் உறுதியா சொல்ல மாட்டேன். உச்சம் 21ஆம் தேதியே வந்துடுச்சு, அதாவது கடுமையான ஊரடங்கு தொடங்கறதுக்கு முன்னாடியே. 10ஆம் தேதி போட்டதோட பலனா இருக்கலாம், அலை தானாவே அடங்க ஆரம்பிச்சதா இருக்கலாம், ரெண்டும் கலந்ததா இருக்கலாம். கட்சிக்காரங்க ஒவ்வொருத்தரும் தனக்கு வசதியானத எடுத்துப்பாங்க, நீங்க எடுக்காதீங்க.

வரிசைன்னு சொன்னதும் ரேஷன் கடை ஞாபகம் வருது. 2020 ஏப்ரல்ல அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபா குடுத்தப்ப கடை முன்னாடி மூணடிக்கு ஒரு வட்டம் சுண்ணாம்புல போட்டு வெச்சோம். ஒரு மணி நேரத்துல பாத்தா ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரு கட்டப்பை, ஒரு செருப்பு, ஒரு செங்கல்லு, மேல கார்டு பறக்காம இருக்க ஒரு கல்லு, ஆளுங்க எல்லாரும் பக்கத்து புங்க மரத்தடில தோளோட தோள் ஒட்டி உக்காந்திருக்காங்க. பெரிய அதிகாரி ஒருத்தர் வந்து பாத்துட்டு இவங்கள திருத்தவே முடியாதுன்னுட்டு போனாரு. ஏப்ரல் வெயில் அரியலூர்ல எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு இதுல கோபம் வராது. வட்டம் போட்டவங்க நிழல யோசிக்கல, அவ்வளவுதான். அடுத்த ரவுண்டுல டோக்கன வீட்டுக்கே குடுத்து நேரம் எழுதி அனுப்புனப்ப பை செருப்பு எதுவும் இல்ல, அதே ஜனங்கதான்.

கோயம்பேடு மார்க்கெட் விவகாரம் எங்க மாவட்டத்த நேரா அடிச்சது. ஏப்ரல் கடைசில அங்க தொத்து பரவி, மே 5 மார்க்கெட்ட மூடி திருமழிசைக்கு மாத்துனாங்க. மூடுனதும் அங்க மூட்டை தூக்கிட்டிருந்த பசங்க லாரிலயும் பைக்லயும் ஊருக்குத் திரும்புனாங்க, கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர்னு கேஸ் எண்ணிக்கை சில நாள்ல எங்கயோ போயிடுச்சு. முன்கூட்டியே மார்க்கெட்ட பிரிச்சு வெச்சிருந்தா இது நடந்திருக்காதுன்னு நெறைய பேர் சொல்றாங்க. வியாபாரிங்க முன்னாடி இடம் மாற ஒத்துக்கலங்கறதும் உண்மை, அரசாங்கம் உறுதியா நிக்கலங்கறதும் உண்மை, யார் பக்கம் தப்பு அதிகம்ங்கறது இன்னும் வாதம்தான். எனக்குத் தெரிஞ்சது ஊர்ல நடந்தது. திரும்பி வந்தவங்கள பள்ளிக்கூடத்துலயும் கல்யாண மண்டபத்துலயும் தங்க வெக்கணும்னு உத்தரவு. எங்க வட்டாரத்துல ஒரு ஊர்ல பள்ளிக்கூட கேட்டு முன்னாடி பொம்பளைங்க உக்காந்துட்டாங்க, எங்க புள்ளைங்க நாளைக்கு படிக்கற எடம், இங்க வெக்கக் கூடாதுன்னு. வந்தவங்க வேத்தூர்க்காரங்க கூட கிடையாது, அதே ஊர்ப் பசங்க, உக்காந்திருந்த ஒரு அம்மாவோட சொந்தப் புள்ளையே வேன்குள்ள இருந்தான். தாசில்தார் பேசுனாரு, போலீஸ் பேசுச்சு, நகரல. கடைசில எங்க கிராம சுகாதார செவிலியர் போயி, "அக்கா, நானும் இங்கதான் தினம் வந்து பாக்கப் போறேன், எனக்கும் வீட்ல சின்னப் புள்ள இருக்கு, பசங்க போனப்புறம் பிளீச்சிங் போட்டு கழுவிக் குடுக்கறது என் பொறுப்பு, நீங்களே வந்து நின்னு பாருங்க"ன்னு சொன்னாங்க. அப்புறம்தான் எந்திரிச்சாங்க. அந்தப் பொண்ணு பல வருஷமா அந்த ஊர்ல பிரசவம், தடுப்பூசின்னு பாத்தவங்க, சொன்னா செய்வாங்கன்னு ஊருக்குத் தெரியும். தாசில்தாரும் அதேதான் சொன்னாரு, ஆனா அவர மாத்திட்டா அடுத்த ஆளுகிட்ட யாரு போயி கேக்கறது?

அதே மே மாசம் 7ஆம் தேதி டாஸ்மாக்க திறந்தாங்க, சென்னை தவிர. என்னைக் கேட்டா மொத்தக் கொரோனா காலத்துலயும் எங்க பேச்சுக்கு மதிப்பு ஒடஞ்சது அந்த ஒரு நாள்லதான், இது என் கணிப்பு. டீக்கடைக்குப் பார்சல் கூட அப்ப அனுமதி இல்ல, கோயில் பூட்டியிருக்கு, மதுரைல மீனாட்சி கல்யாணத்த மூணு நாளைக்கு முன்னாடிதான் பக்தர்கள் இல்லாம நடத்தி டிவிலயும் ஆன்லைன்லயும் காட்டுனாங்க, அழகர் ஆத்துல எறங்கல. இதெல்லாம் பொறுத்துகிட்ட ஜனம், சரக்குக் கடைக்கு தடுப்புக் கட்டை, பந்தோபஸ்து, வயசு வாரியா நேரம், 50க்கு மேலன்னா காலைல, 40க்கு கீழன்னா சாயங்காலம்னு ஏற்பாடு நடக்கறதப் பாக்குது. ஆந்திராவுலயும் கர்நாடகாவுலயும் தெறந்துட்டாங்க, எல்லைல இருக்கறவங்க அங்க போறாங்கன்னு அரசாங்கம் காரணம் சொல்லுச்சு. வருஷத்துக்கு 30 ஆயிரம் கோடிக்கு மேல வர்ற வருமானம்ங்கறது எல்லாருக்கும் தெரியும். திமுக கூட்டணி கறுப்புச் சட்டை போட்டு வீட்டு வாசல்ல நின்னாங்க, பல ஊர்ல பொம்பளைங்க கடைய மறிச்சாங்க, மறுநாளே ஹைகோர்ட்டு விதிமுறை பின்பற்றலன்னு மூடச் சொல்லுச்சு, 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதுக்கு தடை குடுத்துச்சு, 16ஆம் தேதி கலர் டோக்கனோட மறுபடியும் தெறந்தாச்சு. அதுக்கப்புறம் நான் எந்த சலூன்காரர்கிட்டயும், டீக்கடைக்காரர்கிட்டயும் கடைய மூடுங்கன்னு சொல்லப் போனா ஒரே பதில்தான், "சார், பக்கத்துல டாஸ்மாக்க மொதல்ல பாத்துட்டு வாங்க." அந்தாளு கேக்கறது வைரஸ் பத்தி இல்ல, நியாயம் பத்தி, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

போலீஸ் பத்தி சொல்லாம இத முடிக்க முடியாது. மார்ச் மாசம் ஞாபகம் இருக்கா, பைக்ல சுத்துனவன தோப்புக்கரணம் போட வெக்கற வீடியோ, லத்தியால பின்னால ரெண்டு போடற வீடியோ, நம்ம எல்லாரும் வாட்ஸ்ஆப்ல சிரிச்சு சிரிச்சு ஃபார்வேர்டு பண்ணோம். நல்லா போடுங்க சார்னு கமெண்ட் போட்டது நம்ம ஜனம்தான். ஜூன் 19 சாத்தான்குளத்துல செல்போன் கடை நேரம் தாண்டித் தெறந்திருந்துச்சுன்னு ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மகன் பென்னிக்ஸ் பின்னாடியே போனாரு, கோவில்பட்டி கிளைச் சிறைல அடைச்சு ஜூன் 22 ராத்திரி மகனும் 23 காலைல அப்பாவும் செத்துப் போனாங்க. கடையடைப்பு, ஹைகோர்ட்டு மதுரை கிளை தானா எடுத்த வழக்கு, சிபிஐ விசாரணை, போலீஸ்காரங்க கைதுன்னு போச்சு, போலீசுக்கு ஒத்தாசையா இருந்த ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பையும் அரசு தடை பண்ணுச்சு. அந்த ஒரு வாரத்துல மக்களோட பார்வை எப்படித் திரும்புச்சுன்னு கீழ் மட்டத்துல வேலை பாத்தவங்களுக்கு நல்லாத் தெரியும், காக்கி கூட வந்தா கதவே தெறக்கல. நாங்க அதுக்கப்புறம் காய்ச்சல் சர்வேக்கு போலீஸ் துணைய கேக்கறதயே நிறுத்திட்டோம், அங்கன்வாடி டீச்சரையும் செவிலியரையும் மட்டும் அனுப்புனோம்.

மறைக்கறது பத்தியும் சொல்லணும், ஏன்னா மக்கள் உண்மைய மறைச்சாங்கங்கறது ஒரு பெரிய குத்தச்சாட்டு. மறைச்சாங்கதான், இல்லங்கல. காய்ச்சல் வந்தா டோலோ வாங்கிப் போட்டுட்டு சர்வேக்கு வர்றவங்ககிட்ட எல்லாரும் நல்லாருக்கோம்னு சொன்னவங்க எக்கச்சக்கம். ஆனா சொன்னா என்ன ஆச்சுன்னு பாருங்க. வாசல்ல ஸ்டிக்கர், தெருவுக்கு தகரம், ஆம்புலன்ஸ் வந்து நிக்கறப்ப தெருவே மாடில நின்னு போன்ல வீடியோ எடுக்கும், பால்காரர் வரமாட்டாரு, அது "கொரோனா வீடு"ன்னு பேராயிடும். ஆரம்பத்துல டெல்லி தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போய்ட்டு வந்தவங்கள தினசரி அறிவிப்புலயே தனியா பிரிச்சுச் சொன்னாங்க, அப்புறம் ஒரே இடத்துத் தொத்துன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள முஸ்லிம் வியாபாரிங்ககிட்ட காய் வாங்கக் கூடாதுங்கற அளவுக்குப் பேச்சு போயிடுச்சு. ஏப்ரல் 19 சென்னைல நரம்பியல் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனால இறந்தப்ப அண்ணா நகர் வேலங்காட்டு இடுகாட்டுல கூட்டம் கல்லு கட்டையோட தாக்கி, ஆம்புலன்ஸ ஒடச்சு, கூட வந்த இன்னொரு டாக்டரே ராத்திரில மண்ண அள்ளிப் போட்டு பொதைக்க வேண்டியதாச்சு. மக்களோட நடத்தைல எந்த சப்பக்கட்டும் கட்ட முடியாத சம்பவம் இது, இத நான் நியாயப்படுத்த வரல. அதுக்கப்புறம் அடக்கத்தத் தடுத்தா ஜெயில்னு அவசரச் சட்டம் வந்துச்சு. ஆனா அந்த பயத்த யாரு ஊட்டுனாங்கன்னும் கேக்கணும், பொணத்துலேர்ந்து எப்படிப் பரவாதுங்கறத சட்டம் வர்றதுக்கு முன்னாடியே தெருத்தெருவா சொல்லியிருக்கணும். வீட்டு வாசல்ல போஸ்டர் ஒட்டறது கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு டிசம்பர்ல சொல்லுச்சு, அதுக்குள்ள மொத அலையே முடிஞ்சுபோச்சு.

நம்பர் மேல இருந்த சந்தேகமும் சேந்துச்சு. 2020 ஜூலை 22 அன்னைக்கு ஏற்கெனவே விட்டுப்போன 444 சாவ ஒரே நாள்ல கணக்குல சேத்தாங்க. சேத்தது நேர்மையான காரியம்தான், ஆனா அதுவரைக்கும் எதிர்க்கட்சி சொன்னப்ப எல்லாம் இல்லவே இல்லன்னு மறுத்துட்டு அப்புறம் சேத்தா ஜனம் நேர்மைய பாக்காது, மறுத்தததான் பாக்கும். அதே சமயத்துல தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்டிபிசிஆர் டெஸ்டே எடுத்துச்சு, நெறைய மாநிலம் சீக்கிரம் ரிசல்ட் வர்ற ஆனா கேஸ கோட்டை விடற டெஸ்டுக்குப் போனப்ப நம்ம போகல. இத ஒருத்தரும் பாராட்டல, பாராட்ட வேண்டிய விஷயம்.

இ-பாஸ் கதை உங்களுக்கே தெரியும். சாவுக்குப் போக அப்ளை பண்ணவனுக்கு காரியம் முடிஞ்சப்புறம் ரிஜெக்ட்டுன்னு மெசேஜ் வரும், புரோக்கர்கிட்ட காசு குடுத்தவன் கார்ல போவான், பாஸ் வித்தவங்கள சென்னைல கைது கூட பண்ணாங்க. மாவட்ட எல்லைல செக்போஸ்ட் இருக்கும், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வாய்க்கா கரைல பைக்குங்க ஊர்வலமா போயிட்டிருக்கும். ஆகஸ்ட் 17லேர்ந்து கேட்டவங்களுக்கெல்லாம் பாஸ்னாங்க, செப்டம்பர் 1லேர்ந்து மாநிலத்துக்குள்ள பாஸே வேண்டாம்னாங்க. இது ஒண்ணும் புதுசும் இல்ல, 1890கள்ல பிளேக் வந்தப்ப சென்னை மாகாணத்துல வெள்ளைக்காரன் பிளேக் பாஸ்போர்ட்டுன்னு ஒண்ண குடுத்தான், பாதிச்ச ஊர்லேர்ந்து வர்றவங்க அத வெச்சுகிட்டு தினம் போயி ஆஜர் ஆகணும். நம்ம 2020ல பயன்படுத்துன தொத்து நோய்ச் சட்டமும் அந்த 1897ஆம் வருஷத்துதான். அதே வருஷம் புனேல வீடு புகுந்து சோதனை போட்ட கெடுபிடிக்குப் பொறுப்பா இருந்த அதிகாரி ராண்ட சாபேகர் சகோதரர்கள் சுட்டுக் கொன்னாங்க. சட்டம் பழசு, கோபமும் பழசு.

2021ல தேர்தல் வந்துச்சு. செப்டம்பர் 2020லயே மாஸ்க் போடலன்னா 200 ரூபா, பொது இடத்துல எச்சி துப்புனா 500ன்னு ஃபைன் போட்டாச்சு, எங்க ஆளுங்களுக்கு ரசீது புக்கு குடுத்து தினசரி இத்தனை கேஸ்னு டார்கெட் வேற. மார்ச் மாசம் ஒரு பக்கம் ஆயிரக்கணக்குல வேன்ல ஆள் கொண்டு வந்து எல்லாக் கட்சியும் கூட்டம் போடுது, மேடைல இருக்கறவங்க மூஞ்சில மாஸ்க் கிடையாது, அந்த ரோட்டோட முனைல நிக்கற எங்க ஆளு சைக்கிள்ல போற கொத்தனாருக்கு 200 ரூபா ரசீது போடறான். கொத்தனார் கேட்ட கேள்விய இங்க எழுத முடியாது. ஏப்ரல் 26 ஹைகோர்ட்டு தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, ரெண்டாவது அலைக்கு தேர்தல் கமிஷன்தான் பொறுப்பு, கொலை வழக்கு கூடப் போடலாம்ங்கற அளவுக்குப் பேசுனாரு. ஜனங்களுக்கு அது இனிப்பா இருந்துச்சு. தேர்தலாலதான் ரெண்டாவது அலை வந்துச்சான்னு கேட்டீங்கன்னா, பங்கு இருக்கும், ஆனா அதுவே முழுக் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், தேர்தலே இல்லாத மகாராஷ்டிராவும் டெல்லியும் நமக்கு முன்னாடியே பத்தி எரிஞ்சுது, டெல்டா வகை வேகம் அப்படி. ஃபைன் வாங்கறவன் கைல இருந்த மரியாதை போனதுக்குத் தேர்தல்தான் காரணம்ங்கறதுல மட்டும் எனக்கு சந்தேகம் இல்ல.

தடுப்பூசிலயும் இதே ஜனத்தோட ரெண்டு முகத்தப் பாத்தேன். ஜனவரில டாக்டர், நர்சுங்களே போட்டுக்கத் தயங்குனாங்க, நம்ம மாநிலம் அப்ப பின்னாடிதான் இருந்துச்சு. ஏப்ரல் 15 நடிகர் விவேக் ஆஸ்பத்திரிக்குப் போயி கேமரா முன்னாடி ஊசி போட்டுகிட்டு எல்லாரும் போடுங்கன்னு சொன்னாரு, 17ஆம் தேதி மாரடைப்புல போயிட்டாரு. இதயத்துல ஏற்கெனவே இருந்த அடைப்புன்னு ஆஸ்பத்திரி சொல்லுச்சு, மத்தியக் குழுவும் பின்னாடி ஆராய்ஞ்சு ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லுச்சு, ஆனா எங்க பக்கம் மறுநாள் கேம்புல நாங்களும் குளிர் பொட்டியும் மட்டும்தான் உக்காந்திருந்தோம். அடுத்த மாசமே சாவு பக்கத்துத் தெருவுக்கு வந்ததும் அதே ஊர்ல காலைல 5 மணிக்கு கேட்டு முன்னாடி வரிசை, ஊசிதான் இல்ல. செப்டம்பர் 12 ஞாயித்துக்கிழமை மொத மெகா முகாம், 20 லட்சம் போடணும்னு இலக்கு வெச்சு 28 லட்சத்துக்கு மேல போட்டாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல, கூலி போகாத நாள்ல வீட்டு வாசலுக்குப் பக்கத்துல வெச்சோம். நீலகிரில தடுப்பூசி போட்டவங்களுக்குத்தான் டாஸ்மாக் சரக்குன்னு கூட ஒரு உத்தரவு வந்துச்சு, மே 2020ல என்னைத் திட்டுன டீக்கடைக்காரர் இத மட்டும் நல்ல யோசனைன்னாரு.

கேரளா பத்தி. அவங்க பல விஷயத்துல நல்லா பண்ணாங்க, பஞ்சாயத்து மட்டத்துல ஆளும் காசும் அதிகாரமும் இருக்கு, சமுதாய சமையல்கூடம்லாம் சீக்கிரம் வந்துச்சு. ஆனா அங்க ஜனங்க பொம்மை மாதிரி கேட்டாங்கங்கறது கதை. 2020 ஜூலைல திருவனந்தபுரம் பூந்துறைல மீனவர் குடியிருப்புக்கு மும்மடங்கு ஊரடங்கு போட்டு கமாண்டோவ எறக்குனாங்க, 10ஆம் தேதி ஜனம் ரோட்டுக்கு வந்து சுகாதார ஊழியர்கள் காரையே மறிச்சுச்சு. சாமான் வாங்க வெளிய விடல, ஊர் மேல சூப்பர் ஸ்ப்ரெட்டர்னு முத்திரை குத்திட்டாங்கங்கறதுதான் அவங்க கோபம், நம்ம ஊர் தகரம் அடிச்ச தெருவுல கேட்ட அதே பேச்சு. 2021 பக்ரீத்துக்கு மூணு நாள் தளர்வு குடுத்து சுப்ரீம் கோர்ட்டுகிட்ட வாங்கிக் கட்டிகிட்டதும் அவங்கதான்.

இன்னொன்னு வந்தா என்ன ஆகும்னு கேட்டீங்க. மொத ரெண்டு மூணு வாரம் ஜனம் தானாவே அடங்கும், பயம் இருக்கு, பழக்கமும் இருக்கு, அதுக்கு லத்தி வேண்டாம். அதுக்கப்புறம் நடக்கறது காசப் பொறுத்தது. 2020ல மொத ரவுண்டுக்கு ஆயிரம் ரூபா, 2021ல ரெண்டு தவணையா 4000 ரூபாவும் 14 மளிகை சாமானும். ரெண்டாவது தடவ நாங்க தெருவுல வாங்குன திட்டு கம்மி, சாவு அதிகமா இருந்ததால பயந்தும் இருக்கலாம், ஆனா பணத்துக்கும் அதுல பங்கு இருக்குங்கறது என் கணிப்பு. சட்டம் பத்தலன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 1939ஆம் வருஷத்து பொது சுகாதாரச் சட்டமே எங்களுக்கு ஏகப்பட்ட அதிகாரம் குடுக்குது. 2020ல ஊரடங்க மீறுனதா போட்ட வழக்கு சுமார் 10 லட்சம், 2021 பிப்ரவரில தேர்தலுக்கு முன்னாடி பெரும்பாலானத வாபஸ்னு அறிவிச்சுட்டாங்க, அவ்வளவு பேப்பர் எழுதி என்ன ஆச்சு. அந்த ஆள் பலத்த வெச்சு எங்க வட்டாரத்துக்கு இன்னும் நாலு செவிலியர் குடுத்திருந்தா பள்ளிக்கூட கேட்டுல தாசில்தார் அன்னைக்கு அவ்வளவு நேரம் வெயில்ல நிக்க வேண்டியிருந்திருக்காது. இப்பவும் எங்க பக்கம் செவிலியர் இல்லாத துணை சுகாதார நிலையம் இருக்கு, உங்க ஊர்ல எப்படின்னு போயி பாத்துட்டு சொல்லுங்க.